ஊருக்குள் ஆடாத சாம்பியன்

ரன் பூஜ்யம், விக்கெட் மூன்று.

2018 ஆகஸ்ட் 12, ஆடி மாதத்தின் கடைசி ஞாயிறு. சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் (டி.என்.பி.எல்.) இறுதிப் போட்டி. 118 எடுத்தால் கோப்பை என்று இறங்கிய மதுரை, கணக்கைத் தொடங்கும் முன்பே மூன்று பேரைப் பறிகொடுத்து நின்றது. சிம்மக்கல்லில் ஒரு டீக்கடையின் சின்ன டிவி முன்னால் பதினைந்து பேர் இருந்தோம். கலைஞர் மறைந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அரசு அறிவித்த ஏழு நாள் துக்கம் முடியவில்லை. தெருவில் கொடிகள் அரைக்கம்பத்தில் தொங்கின. கூச்சல் போட யாருக்கும் மனம் இல்லாத வாரம் அது. மூன்றாவது விக்கெட் விழுந்ததும் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நம்மூரு ராசி அம்புட்டுத்தான்ப்பா" என்றார். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்காமலே, "உக்காருங்க தாத்தா, அருண் கார்த்திக் இன்னும் நிக்கிறாருல்ல" என்றான்.

தாத்தா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மதுரையின் விக்கெட் ஒன்றுகூட விழவில்லை.

அருண் கார்த்திக் 50 பந்தில் 75. மறுமுனையில் ஷிஜித் சந்திரன் 49 பந்தில் 38. இருவரும் ஆட்டமிழக்கவில்லை. 17.1 ஓவரில் 119 ரன்னுக்கு 3 விக்கெட். உதிரிகளையும் சேர்த்து அந்த 119 ரன்னும் இந்த ஜோடி நின்ற நேரத்தில் வந்தவைதான். எதிரே இருந்தது திண்டுக்கல் டிராகன்ஸ். அதன் தலைவர் அஸ்வின் இங்கிலாந்துக்குப் போய்விட்டிருந்தார். அதே ஞாயிறன்று லார்ட்ஸில் இந்தியா இன்னிங்ஸ் தோல்வி கண்டுகொண்டிருந்தது. சேப்பாக்கத்தில் திண்டுக்கல்லை வழிநடத்தியவர் ஜெகதீசன். அவர் ஒருவர்தான் அன்று அந்த அணியில் நின்று ஆடினார். மற்றவர்களை இடது கை வேகப்பந்து வீச்சாளர் அபிஷேக் தன்வர் பார்த்துக்கொண்டார். நான்கு விக்கெட் அவருக்கு. திண்டுக்கல் 117-க்குச் சுருண்டது.

அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் கண்ணில் வருவது ஷிஜித்தின் 38 தான். அருண் கார்த்திக் அடித்த சிக்ஸர்களை எல்லோரும் பேசுவார்கள், பேசவும் வேண்டும். ஆனால் பூஜ்யத்துக்கு மூன்று என்று பலகை காட்டும்போது உள்ளே வந்து, பந்துக்கு ஒரு ரன்கூட வேண்டாம், விக்கெட் போகாமல் இருந்தால் போதும் என்று முடிவெடுப்பதற்குப் பெரிய நெஞ்சுரம் வேண்டும். 118 ரன்னுக்கு 120 பந்து இருக்கிறது என்ற கணக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிற நமக்குச் சுலபம். இறுதிப் போட்டியின் வெளிச்சத்தில், கையில் மட்டையோடு நிற்கிறவனுக்கு அது அத்தனை சுலபமாக நினைவுக்கு வராது. ஷிஜித்துக்கு நினைவுக்கு வந்தது.

வெற்றி ரன் ஓடியதும் கடையில் யாரும் வெடி போடவில்லை. தாத்தா மட்டும் பையனின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அந்தப் பெரியவர் ராசியைப் பற்றிச் சொன்னதில் நியாயம் இருந்தது. 2016-ல் இந்த லீக் தொடங்கியபோது ஊரின் அணிக்கு மதுரை சூப்பர் ஜெயன்ட் என்று பெயர். பிறகு கை மாறி, கேபிள் தயாரிக்கும் சீகெம் நிறுவனத்தின் பெயரோடு மதுரை பாந்தர்ஸ் ஆனது.  தொடக்கத்து இரண்டு ஆண்டும் முதல் நான்கு இடத்துக்குள் வரவில்லை. முதல் கோப்பையைத் தூத்துக்குடி வாங்கியது. இரண்டாவதைச் சேப்பாக்கம் வாங்கியது. பக்கத்துத் திண்டுக்கல்லும் காரைக்குடியும் ஆளுக்கு ஒரு முறை அடுத்த சுற்றைப் பார்த்துவிட்டன. நாம் தல்லாகுளம் முடிதிருத்தகத்தில் பேப்பரைப் புரட்டி, புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து மேலே படித்துக்கொண்டிருந்தோம்.

இந்த லீக் பிறந்ததே ஒரு வெற்றிடத்தில்தான். நீதிபதி லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸை இரண்டு ஆண்டு விலக்கி வைத்திருந்த காலம். ஐ.பி.எல்.லில் மஞ்சள் சட்டை இல்லாத முதல் கோடைக்குப் பின், எட்டு ஊர் அணிகளோடு தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இதைத் தொடங்கியது. பிற மாநில வீரர்களுக்கு இடமில்லை. நம் லீக் கிரிக்கெட்டில் ஆடுகிறவர்கள்தான் ஆட வேண்டும். டிவியில் தமிழ் வர்ணனை. நத்தத்துப் பையன் போட்ட பந்தைப் பற்றி நம் பேச்சிலேயே பேசுவதைக் கேட்டபோது, கிரிக்கெட் பிடிக்காத என் வீட்டுப் பெரியவர்கள்கூட ஒரு ஓவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

2018-ல் டி. ரோகித் தலைமையில் வந்த மதுரை அணியில் பெரிய பெயர் என்று சொல்ல யாரும் இல்லை. இந்தியத் தொப்பி போட்டவர் இல்லை. எல்லோருக்கும் முன்னால் தெரிந்தவர் அருண் கார்த்திக். அதுவும் ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு பந்துக்காக. 2011 அக்டோபரில் பெங்களூரில் சாம்பியன்ஸ் லீக். ராயல் சேலஞ்சர்ஸ் 215 துரத்துகிறது. கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டும். வீசுகிறவர் சவுத் ஆஸ்திரேலியாவின் டேன் கிறிஸ்டியன். கோலியும் தில்ஷானும் கெயிலும் இருந்த அணியில் அந்தப் பந்தைச் சந்தித்தவர் வாலாஜாபேட்டைக்காரரான அருண் கார்த்திக். மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்தார், பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அணி அரையிறுதிக்குப் போனது. அடுத்த நாள் பேப்பர் முழுக்க அவர் முகம். அதன் பிறகு மெதுவாக எல்லோரும் மறந்தார்கள். வேறு மாநிலங்களுக்குப் போய் ஆடினார். 32 வயதில் மதுரையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது அவரிடம் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அந்தப் பருவத்தில் 472 ரன் எடுத்தார். அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக ரன் அதுதான்.

இன்னொருவரை அப்போது யாருக்கும் தெரியாது. கட்டடக் கலை படித்தவர், அந்த வேலையில் சில காலம் இருந்தவர். பள்ளியில் விக்கெட் கீப்பர். 25 வயதுக்கு மேல் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து வேகப்பந்து வீசினார். முழங்காலில் அடிபட்டது. ஓடி வந்து வீச முடியாமல் போன பிறகு, டென்னிஸ் பந்தில் விரல் வித்தை காட்டப் பழகியதை கிரிக்கெட் பந்துக்குக் கொண்டுவந்தார். சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்காக ஏழு ஆட்டத்தில் 31 விக்கெட் எடுத்தார். பெயர் வருண் சக்ரவர்த்தி.

மதுரைக்காக அந்தப் பருவத்தில் பத்து ஆட்டம். லீக்கில் ஏழு, அதற்கு மேல் மூன்று, ஏனென்றால் மதுரைக்கு இறுதிக்கு நேர்வழி கிடைக்கவில்லை, சுற்றுவழியில்தான் போனது. பத்து ஆட்டத்தில் 40 ஓவர் வீசினார். விக்கெட் ஒன்பதுதான். ஆனால் ஓவருக்குக் கொடுத்தது 4.7 ரன். இருபது ஓவர் ஆட்டத்தில் இது என்ன கணக்கு என்பதை ஒரு மளிகைக் கடைக்காரர் எனக்கு விளக்கினார்: "எட்டு எட்டரைன்னு விலை போற சரக்கை நாலே முக்காலுக்குக் குடுத்தா எதிர்க்கடைக்காரன் எப்படிண்ணே நிப்பான்?" பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டையாளருக்கும் தெரியவில்லை, டிவியில் பார்த்த எங்களுக்கும் தெரியவில்லை. டிசம்பரில் ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் வந்த அவரைப் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. அதாவது 42 மடங்கு. அடுத்த ஐ.பி.எல்.லில் அவர் போட்ட முதல் ஓவரிலேயே 25 ரன் போனது, பெரும்பாலும் வெளுத்தவர் சுனில் நரைன். அதோடு முடிந்தது என்றார்கள். முடியவில்லை. 2024-ல் கொல்கத்தாவோடு கோப்பை. 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட், சாம்பியன்ஸ் டிராபி. அவர் கையில் இருந்த வித்தையை நாடு முழுக்கப் பார்த்தது அந்த மதுரைப் பருவத்துக்குப் பிறகுதான். இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

தன்வரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறுதிப் போட்டியில் திண்டுக்கல்லைக் கிழித்தவர் ஐந்து ஆண்டு கழித்து, 2023 ஜூனில், சேலத்தின் தலைவராகக் கடைசிப் பந்தை வீசி முடிப்பதற்குள் 18 ரன் கொடுத்தார். நோபால், வைடு, நோபால் சிக்ஸர் என்று உலகம் முழுக்க அந்தக் காணொளி ஓடியது. அதைப் பார்த்து ஊரே சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நமக்கு ஒரு கோப்பை வாங்கித் தந்த கை அது.

இவ்வளவும் நடந்தது எங்கே? இதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். 2018-ல் ஆட்டங்கள் நடந்தது மூன்று இடத்தில்: சென்னை சேப்பாக்கம், திருநெல்வேலி சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம், நத்தம் பக்கத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். பிறகு சேலமும் கோவையும் சேர்ந்தன. 2016 முதல் 2025 வரை ஒன்பது பருவம் முடிந்துவிட்டது. அந்த ஒன்பதிலும் மதுரையின் பெயரைச் சட்டையில் போட்டிருக்கிற அணி மதுரையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

அலங்காநல்லூரில் காளையை அவிழ்க்கும்போது ஊர் பேரையும் வளர்த்தவர் பேரையும் மைக்கில் சொல்லித்தான் அவிழ்ப்பார்கள். கோயில் காளை முதலில் வரும். வாடிவாசலுக்கு வெளியே நிற்கிற கூட்டத்துக்கு அது யாருடைய மாடு, எந்த ஊர், போன வருடம் எத்தனை பேரைத் தூக்கியது என்று எல்லாம் தெரியும். ஊர் பேரில் ஒன்று இறங்கினால் ஊர் பக்கத்தில் நிற்க வேண்டும். பாந்தர்ஸ் சாம்பியன் ஆன வருடம் ஊர் பக்கத்தில் நிற்க வழியில்லை. நத்தத்துக்குப் போகலாம், போனேன். பறக்கும் பாலம் வராத காலம். ஆட்டம் முடியப் பதினொன்று தாண்டிவிடும். நடுராத்திரியில் மதுரைப் பஸ்ஸுக்கு ரோட்டோரம் நின்றவர்களில் பலரும் மதுரைக்குக் கைதட்டியவர்கள்தான். ஆனால் அந்த மைதானம் திண்டுக்கல்லின் வீடு. நம் அணிக்குக் கைதட்ட எதிராளி வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு உட்கார்ந்தோம்.

அந்த ஆண்டு இந்தத் தலைவிதி மதுரைக்கு மட்டும் இல்லை. இரண்டு ஆண்டுத் தடை முடிந்து வந்த சென்னை சூப்பர் கிங்ஸ் ஏப்ரல் 10-ல் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியது. காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம், மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயில் போனது. மே 27-ல் மும்பையில் கோப்பையையும் வாங்கிவிட்டார்கள். ஆகஸ்டில் மதுரை. ஒரே வருடத்தில் தமிழ்நாட்டின் இரண்டு அணிகள் வீட்டை விட்டு வெளியே இருந்தே கோப்பை வாங்கின. ஆனால் சென்னைக்கு மறு வருடம் வீடு திரும்பக் கிடைத்தது. மதுரைக்குத் திரும்பிப் போக வீடே கட்டப்படவில்லை.

நம் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு அணி உண்டு. வட கரோலினாவின் ஷார்லட் நகரத்துக் கரோலினா பாந்தர்ஸ், அவர்கள் ஊர்க் கால்பந்து ஆடும் அணி. கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற, மோதித் தள்ளுகிற முட்டைப் பந்து ஆட்டம் அது. 2015 பருவத்தில் 16 லீக் ஆட்டத்தில் 15-ல் வென்றார்கள். ஒன்றில்தான் தோல்வி. அப்படிப்பட்ட அணி கடைசி ஆட்டமான சூப்பர் பவுலில் டென்வரிடம் 24-10 என்று தோற்றது. நம் பாந்தர்ஸ் நேர் எதிர். வழியில் தடுக்கி விழுந்து, கடைசி ஆட்டத்தை மட்டும் விடவில்லை.

ஆனால் நான் அவர்களிடம் பார்த்துப் பொறாமைப்படுவது அந்த 15 வெற்றியை இல்லை. 1995-ல் அணி பிறந்தபோது அவர்களுக்கும் மைதானம் கிடையாது. முதல் பருவம் முழுக்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பக்கத்து மாநிலத்தின் கிளெம்சன் பல்கலைக்கழக மைதானத்தில் ஆடினார்கள். அதே நேரம் ஷார்லட்டில் மைதானம் எழும்பிக்கொண்டிருந்தது. உட்காரப் போகிற இடத்துக்கான உரிமையை ஊர்க்காரர்களே முன்பணம் கொடுத்து வாங்கியதால் திரண்ட பணம் அதில் பெரும் பங்கு. 1996-ல் திறந்தார்கள். அந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் ஆடிய எட்டு லீக் ஆட்டத்திலும் பாந்தர்ஸுக்குத் தோல்வியே இல்லை. பிறந்து இரண்டாவது வருடத்தில் சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் வரை போனார்கள். சொந்த ஊரின் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

மதுரையில் கிரிக்கெட் இல்லை என்று யாராவது சொன்னால் அவரைக் கோடையில் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். தண்ணீர் வற்றிய கண்மாய் ஒவ்வொன்றும் மைதானம்தான். வண்டியூர், மாடக்குளம், தென்கால், நிலையூர் என்று தரை வெடித்த இடத்தில் எல்லாம் மூன்று குச்சி நடப்பட்டிருக்கும். வைகை ஆற்றுக்குள் பாலத்து நிழலில் ஒரு ஆட்டம், வெயிலில் ஒரு ஆட்டம். ஒற்றைப்படையாக மிஞ்சுகிற பையன் இரண்டு அணிக்கும் ஜோக்கர். பந்து சாக்கடைக்குள் போனால் அடித்தவனே எடுக்க வேண்டும். இங்கே ஆடுகிறவன் கையில் இருப்பது டென்னிஸ் பந்து. வருண் சக்ரவர்த்தி வித்தை பழகியதும், சின்னப்பம்பட்டியில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் யார்க்கர் பழகியதும் அதே பந்தில்தான். நடராஜனை வெளி உலகத்துக்குக் காட்டியது 2016-ல் திண்டுக்கல் அணி. திறமை கண்மாயில் முளைக்கும் என்பது நிரூபணமான விஷயம். அதை எட்டிப் பிடித்துத் தூக்கிவிடப் பக்கத்தில் ஏணி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்கு, மேட்டிங் விரிப்பிலிருந்து புல் ஆடுகளத்துக்கு, மாவட்ட லீக்கிலிருந்து சென்னை லீக்குக்கு என்று படிகள். கடைசிப் படி ஏற, 450 கிலோமீட்டர் தள்ளி அறை எடுத்துத் தங்க வேண்டும். அதற்கு வீட்டில் காசு இருக்க வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருந்த என் தெருப் பையன் ஒருவன் இந்தப் படியில்தான் நின்றுபோனான். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கவர் டிரைவ் இன்னும் அழகாக இருக்கிறது.

இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 9-ல் மதுரை சிந்தாமணியில் வேலம்மாள் கிரிக்கெட் மைதானத்தை தோனி வந்து திறந்து வைத்தார். வேலம்மாள் கல்வி நிறுவனம் கட்டியது. சுமார் 325 கோடி ரூபாய் என்று சொன்னார்கள். இப்போதைக்கு ஏழாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம், பிறகு இருபதாயிரமாக்கலாம். அன்று விமான நிலையத்திலிருந்து ரிங் ரோடு வரை நின்ற கூட்டம் தோனிக்காக வந்தது, சந்தேகமில்லை. இருந்தாலும் கம்பத்து விளக்குகள் எரிந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிம்மக்கல் டீக்கடை ஞாபகம் வந்தது. அடுத்த மாதமே ரேஸ்கோர்ஸில் புதிய ஹாக்கி அரங்கில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்களும் நடந்தன. இந்த ஊர் வாடிவாசலுக்கு மட்டுமே கூடும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மைதானம் தனியார் கையில் இருக்கிறது. அதில் தப்பில்லை, கட்டினார்களே என்ற நன்றி எனக்கு உண்டு. நான் வேண்டுவது இரண்டு. டி.என்.பி.எல். அட்டவணை போடுகிறவர்கள் பாந்தர்ஸின் ஆட்டங்களை இங்கே கொண்டுவர வேண்டும். ஒரு நாள் கண்காட்சிக்காக அல்லாமல், பருவத்துக்குப் பருவம், முறையாக. அடுத்தது, ஆட்டம் இல்லாத நாட்களில் மாவட்ட லீக்கின் சின்ன டிவிஷன்களுக்கும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தப் புல்தரையில் கால் வைக்க நாள் ஒதுக்க வேண்டும். கிரிக்கெட் சங்கமும் மைதானத்தாரும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். நல்ல ஆடுகளத்தில் ஒரு நாள் ஆடிய பையனுக்குப் பந்து எப்படி எழும்பும் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கண்மாயில் ஆடினாலும் அவன் மட்டை இறங்குகிற விதம் மாறிவிடும். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் வைகையில் ஏ.வி. பாலத்துக்குக் கீழே இறங்கிப் போனேன். பத்து பன்னிரண்டு வயதுப் பையன்கள். ஸ்டம்புக்கு ஒரு காய்கறிப் பெட்டி. ஒருவன் விரலை மடக்கி வித்தியாசமாகப் பந்தைப் பிடித்துச் சுழற்றிப் போட்டான். மணலில் விழுந்து எங்கோ திரும்பியது. "எங்கடா கத்துக்கிட்ட?" என்றேன். "வருண் மாதிரிண்ணே, போன்ல பாத்தேன்" என்றான். "அவரு மதுரைக்கு ஆடினவர், தெரியுமா?"

பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "மதுரைக்கா? எந்த கிரவுண்டுலண்ணே?"